ஏலக்கூடத்தில் பொத்தான் காணாமல் போன வெள்ளிக்கிழமை

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். "உங்க சாதனைகளை எழுதுங்க மேடம்" என்றார் இப்போதைய மேலாளர். சாதனை என்று உட்கார்ந்து யோசித்தேன், அரைப் பக்கம் தேறவில்லை. சொதப்பல் என்று யோசித்தேன், நோட்டுப் புத்தகம் போதவில்லை. ஆகவே ஒரு சொதப்பலை எழுதுகிறேன். நான் பார்த்த வேலைக் காலம் முழுவதிலும் ஆகச் சிறந்தது இதுதான். இப்போதும் நான் தனியாக உட்கார்ந்து சிரித்தால் பக்கத்து அறையிலிருந்து என் வீட்டுக்காரர், "மறுபடியும் அந்த மல்லாட்டையா?" என்று கேட்பார்.

உங்களில் பலர் விழுப்புரம் அலுவலகத்தின் ஏசி அறையிலிருந்தே எல்லா ஊர் சர்வரையும் தொட்டுவிடுகிறீர்கள். எங்கள் நாளில் பாதி வேலை பஸ்ஸில்தான். நான் சொல்லப்போவது ரொம்பப் பழைய கதையும் இல்லை. நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு நடந்தது. அனுபவம் முற்றிய பிறகும் ஆள் முட்டாளாக இருக்கலாம் என்பதற்கு அதுவே சாட்சி.

திண்டிவனத்திலிருந்து கிளியனூர் போகிற சாலையில் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஓர் ஏலக்கூடம் நம் வாடிக்கையாளர். பெயர் வேண்டாம். அங்கே நடப்பது மறைமுக ஏலம். விவசாயி மூட்டையைக் கொண்டுவந்து இறக்குவார், அதற்கு ஒரு லாட் நம்பர் சுண்ணாம்புக் கட்டியால் எழுதப்படும். வியாபாரிகள் ஒவ்வொரு லாட்டிலும் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, தங்கள் செல்போனில் விலையைப் போடுவார்கள். ஒருவர் போட்ட விலை இன்னொருவருக்குத் தெரியாது. எல்லா விலையும் கூடத்துக் கம்ப்யூட்டருக்குள் பூட்டிக் கிடக்கும். பதினோரு மணி ஆனதும் கண்காணிப்பாளரின் திரையில் ஒரு பச்சைப் பொத்தான் வரும். அதை அமுக்கினால் பூட்டுத் திறந்து, எந்த லாட்டுக்கு எது உச்ச விலை என்று களத்தில் உள்ள பெரிய எல்.இ.டி. பலகையில் ஓடும். அது வரைக்கும் மூட்டை இருந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. அசைந்தால், காட்டிய சரக்கு வேறு, எடை போட்ட சரக்கு வேறு என்று சண்டை வரும்.

அந்தக் கம்ப்யூட்டரின் இயங்குதளம் பழசாகிவிட்டது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் போய் அப்கிரேட் செய்தேன். எந்தத் தடங்கலும் இல்லை. வழுக்கிக்கொண்டு போனது. வியாபாரிகள் விலை போடும் பக்கம் வருகிறதா என்று பார்த்தேன், வந்தது. லாட் பதிகிறதா என்று பார்த்தேன், பதிந்தது. பிரிண்டர்கூட முதல் தடவையிலேயே அச்சடித்தது. பிரிண்டர் ஒரே தடவையில் வேலை செய்தால் எங்கேயோ வேறொன்று செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த அறிவு எனக்கு அன்றைக்கு வேலை செய்யவில்லை. திண்டிவனம் பஸ் நிலையத்தில் ஒரு பொட்டலம் பக்கோடா வாங்கித் தின்றுகொண்டே, உலகத்தையே ஜெயித்த தோரணையில் விழுப்புரம் பஸ் ஏறினேன்.

நான் பார்க்காமல் விட்டது பச்சைப் பொத்தானை. அது ஏல நாளில்தான் வரும், வியாழக்கிழமை ஏலம் கிடையாது. பந்தல், நாற்காலி, மைக், சாம்பார் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு மாப்பிள்ளை வந்துவிட்டாரா என்று மட்டும் பார்க்காமல் வீட்டுக்குப் போன கல்யாணக் காண்ட்ராக்டர் நான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பங்குனி மாதம், எங்களுக்குத் தவக்காலம். வெள்ளிதோறும் நான் ஒருசந்தி இருப்பேன். காலையில் ஒரு டீ, அப்புறம் சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை முடிந்துதான் சாப்பாடு. பத்து மணிக்குக் கண்காணிப்பாளர் போன் செய்தார். எப்போதும் வெள்ளைச் சட்டை, சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. பேச்சும் அப்படித்தான் இருக்கும். அன்றைக்குக் கசங்கியிருந்தது.

"ஸ்டெல்லாம்மா, பொத்தானக் காணோம்மா."

"எந்தப் பொத்தான் சார்?"

"தொறக்குற பொத்தான்தான். காலைல கம்ப்யூட்டரப் போட்டதுமே சாம்பல் கலர்ல வந்து நிக்கும், நேரம் ஆனா பச்சையாவும். இன்னிக்கு அந்த எடமே வெறுமனே கெடக்கு. நேத்து நீங்க வந்துட்டுப் போனீங்க, இன்னிக்குப் பொத்தானக் காணோம்."

நானே அதைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டதைப் போல இருந்தது அவர் பேசியது. "ஒரு மணி நேரத்துல வர்றேன் சார்" என்று கிளம்பினேன்.

கூடத்தில் நுழைந்தபோது பதினொன்றேகால். களம் நிறைய மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. கொட்டகைக்குள் இடம் இல்லாமல் வெளிக்களத்திலும் மூட்டைகள் அடுக்கியிருந்தன. அந்த வெளிக்களத்து மூட்டைகளின் மேல் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அஞ்சலை என்று பேர், ஒலக்கூர் பக்கத்துக்காரர். இருபத்திரண்டு மூட்டை, லாட் நம்பர் அறுபத்தொன்று. குத்தகை நிலத்தில் போட்ட ஒரே வெள்ளாமை, அந்த வருடத்துக்கு அவர் வீட்டில் அது ஒன்றுதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். என்னைப் பார்த்ததும், "நீதான் கம்ப்யூட்டரு அம்மாவா? ஜல்தியா முடிச்சுட்டு வாம்மா, பெருமுக்கல் மல பக்கம் வானம் ஒரு மாதிரியா கீது" என்றார். திரும்பிப் பார்த்தேன். கிழக்கே ஒரு துண்டு மேகம். "ஒரு பத்து நிமிஷம்க்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். பிள்ளைகளே, வாடிக்கையாளரிடம் பத்து நிமிஷம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அது பத்து நிமிஷமாக முடிந்ததாக நம் தொழிலில் வரலாறே கிடையாது.

கோளாறு என்னவென்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பூட்டைத் திறக்கும் சின்ன நிரல் ஒன்று பழைய இயங்குதளத்துக்கானது. அப்கிரேட் அதை ஒத்துவராத சாமான் என்று தூக்கி வெளியே போட்டுவிட்டது. ஏல மென்பொருளைச் செய்த சென்னை நிறுவனத்துக்குப் போன் செய்தேன். ஒரு தம்பி எடுத்தார். வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும் என்பது ஒவ்வொரு வாக்கியத்திலும் இரண்டு "மேடம்" போட்டதிலேயே தெரிந்தது. "புது இயங்குதளத்துக்கு ஏத்த வெர்ஷன் ரெடியா இருக்கு மேடம், இப்பவே ஏத்திடறேன் மேடம்" என்றார். பதினொன்று இருபதுக்கு ஏற்றிவிட்டார்.

அதற்குமேல் பேக்கேஜ் மேனேஜரின் வேலை. வீட்டில் யாராவது இதைப் படித்தால் புரிய வேண்டுமே என்று சொல்கிறேன்: அது மளிகைக் கடைக்குச் சீட்டோடு அனுப்பும் ஆள். கடையில் இன்றைக்கு என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை முதலில் வாங்கிக்கொள்ளும், பிறகு அதைப் பார்த்துச் சாமானைக் கொண்டுவரும். பட்டியலைப் புதுப்பிக்கச் சொல்லி உத்தரவு கொடுத்தேன். சிவப்பாக ஒரு வரி வந்தது. இந்தப் பட்டியல் செல்லாது என்கிற மாதிரி ஆரம்பித்தது. நீளமான வரி, திரையின் ஓரத்தில் மடிந்து அடுத்த வரிக்குப் போயிருந்தது. நான் அதன் கூடவே அடுத்த வரிக்குப் போகவில்லை. செல்லாது என்று கண்டதும் எனக்குப் போதும் என்றாகிவிட்டது.

"தம்பி, நீங்க போட்ட பட்டியல் செல்லாதுன்னு சொல்லுது. எடுத்துட்டு மறுபடி போடுங்க."

"சரிங்க மேடம்."

மறுபடி போட்டார். மறுபடி சிவப்பு வரி. கம்ப்யூட்டர் தேக்கிவைத்திருந்த பழைய பட்டியல்களை எல்லாம் துடைத்தேன். முகவரியை மாற்றினேன். பட்டியல் அசல்தானா என்று பார்க்கும் கையொப்பச் சாவியை அழித்துவிட்டுப் புதிதாக வாங்கினேன். ஒவ்வொன்றுக்கும் அதே சிவப்பு. ஒவ்வொரு தடவையும் சென்னைக்குப் போன், ஒவ்வொரு தடவையும் அந்தத் தம்பி பட்டியலைப் புதிதாகச் செய்து ஏற்றினார். வெளியே கண்காணிப்பாளர் மைக்கில், "சென்னை சர்வரில் ஏற்பட்ட கோளாறு காரணமாகச் சற்றுத் தாமதம்" என்று அறிவித்துக்கொண்டிருந்தார். சென்னையில் கோளாறு என்று அவருக்குச் சொன்னது நான்தான்.

அஞ்சலை ஜன்னலுக்கு வந்துவிட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, இன்னா பண்ணிக்கினு இருக்க? அந்தப் பக்கம் நல்லா கறுத்துக்கினு வருது. தார்ப்பாய் கேட்டா ஒண்ணு கூட இல்லன்றாங்க. ஒரு சொட்டு உள்ள எறங்குனா கறுத்துப்பூடும்மா. கறுத்த மல்லாட்டைய எவன் தொடுவான்?"

"சென்னைலதான்க்கா பிரச்சன. அங்க ஒரு தம்பிக்கு ஒழுங்காப் போடத் தெரியல."

"அவன் நாசமாப் போவ" என்றார் அஞ்சலை, மனசார.

போனில் அந்தத் தம்பி இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மெதுவாக, "நாலு தடவ செக் பண்ணித்தான் மேடம் போட்டேன்" என்றார். நான் அதற்குச் சொன்ன பதிலை இங்கே எழுத மாட்டேன். பசி, வெயில், மேகம், ஜன்னலில் ஒரு முகம். இதெல்லாம் சமாதானம் ஆகாது. எதிர்முனையில் இருப்பவர் எளியவராக இருந்தால் நம் நாக்கு தானாக நீண்டுவிடுகிறது. உங்களுக்கும் நீளும். பார்த்துக்கொள்ளுங்கள்.

மணி ஒன்றைத் தாண்டியது. வியாபாரிகள் ஆளுக்கு ஒரு மோரை முடித்துவிட்டு வண்டிச் சாவியைச் சுழற்ற ஆரம்பித்தார்கள். "பேஜாருப்பா இவங்களோட, பண்ருட்டி போயிருந்தா இந்நேரம் லோடு ஏத்தியிருப்பேன்" என்று ஒருவர் குரல் கேட்டது. எனக்கு ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. வியாழக்கிழமை அப்கிரேடுக்கு முன்பு எடுத்துவைத்த நகலைத் திருப்பிப் போடலாம். பழைய இயங்குதளம் வந்துவிடும், பச்சைப் பொத்தானும் வந்துவிடும். ஆனால் அன்று காலை வியாபாரிகள் போட்டுப் பூட்டிவைத்த விலை அத்தனையும் போய்விடும். எல்லாரும் மறுபடி ஒவ்வொரு லாட்டாகப் பார்த்து விலை போட வேண்டும். பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். இருப்பவர்களும் மழை வருவது தெரிந்துவிட்டால், வெளிக்களத்து மூட்டைகளுக்கு வாயில் வந்த விலையைப் போடுவார்கள், அல்லது போடவே மாட்டார்கள்.

இருந்தாலும் உத்தரவை டைப் அடித்துவிட்டேன். எண்டர் தட்டுவது மட்டும் பாக்கி.

என் முதல் மேலாளர் ஒரு கடுகடுத்த அம்மா. சிரித்து நான் பார்த்ததில்லை. திரும்பப் பெற முடியாத எதையாவது செய்யப் போகிறாய் என்றால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார் என்பார். அவரும் அப்படித்தான் உட்காருவார், பெரிய அதிகாரிகள் முன்னால்கூட. சேர்ந்த புதிதில் அதைப் பார்த்து நாங்கள் கழிவறையில் போய்ச் சிரித்திருக்கிறோம். அன்றைக்கு எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்தார். பங்குனி வெயிலில் ஒருத்தி கையை ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். "குளுருதாம்மா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் ஜன்னல் வழியாகப் பலகையில் ஓடும் மணியைப் பார்த்துவிட்டு, மைக்கை எடுத்து அறிவித்தார்: "விவசாயப் பெருமக்களுக்கும் வியாபாரப் பெருமக்களுக்கும். இப்போது நேரம் பன்னிரண்டு மணி ஐந்து நிமிடம். தயவுசெய்து யாரும் களத்தை விட்டுச் செல்ல வேண்டாம்."

என் முன்னால் மேஜைமேல் கிடந்த செல்போனில் மணி ஒன்று இருபது. காலையிலிருந்து இப்படித்தான் அறிவித்திருப்பார். அப்போதெல்லாம் என் காதில் சென்னைத் தம்பி இருந்தார். கையும் காதும் சும்மா இருந்தது இந்த ஐந்து நிமிடம்தான்.

"சார், மணி ஒண்ணு இருபது ஆவுது."

அவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டார். "தெரியும்மா. வெள்ளிக்கெழமைல போர்டு மணியத்தான் சொல்லணும். ரிகார்டுலயும் அதான் ஏறும்."

"வெள்ளிக்கெழமைன்னா இன்னா சார்?"

"ராகு காலம்மா! பத்தரைலேர்ந்து பன்னெண்டு. பதினோரு மணிக்குத் தொறந்தா நட்ட நடு ராகு காலத்துல விழும். அதான் வெள்ளிக்கெழம மட்டும் பொட்டில மணிய ஒன்னேகா மணி நேரம் பின்னால வச்சிருக்கு. போர்டுல பதினொண்ணு ஆவறப்ப ஊர்ல பன்னெண்டேகால் ஆயிடும். ராகு காலம் தாண்டிடும்."

"யாரு சார் அப்படி வச்சது?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. வெயில் இந்த அம்மாவின் தலைக்கு ஏறிவிட்டது என்றே நினைத்திருப்பார்.

"நீங்கதாம்மா."

ஆண்டவரே! நான்தான்.

ஆறு வருடத்துக்கு முன்பு கூடத்தில் கம்ப்யூட்டர் ஏலம் ஆரம்பித்த புதிது. முதல் இரண்டு வெள்ளியும் ஒரு வியாபாரியும் விலை போடவில்லை. எல்லாரும் செல்போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றார்கள். ராகு காலத்தில் திறக்கப் போகும் ஏலத்தில் விலை போட எவனுக்கும் மனசு வரவில்லை. திறக்கும் நேரத்தை மாற்றச் சொல்லிச் சென்னைக்கு எழுதலாம் என்றால், காரணம் எழுத வேண்டும். ராகு காலம் என்று எழுதக் கண்காணிப்பாளருக்குக் கூச்சம். என்னிடம் ஒதுக்கமாக வந்து, "வெள்ளிக்கெழம மட்டும் மணிய ஒன்னேகா மணி நேரம் தள்ளிவெக்க முடியுமாம்மா?" என்று கேட்டார். முடியுமா என்று ஒரு கம்ப்யூட்டர்க்காரியைக் கேட்டால் அப்புறம் அவளைப் பிடிக்க முடியாது. ஐந்து வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிப் போட்டேன். வெள்ளி விடியலில் கடிகாரத்தைப் பின்னால் தள்ளும், வெளியிலிருந்து சரியான நேரம் வந்து திருத்திவிடாதபடி அந்த வழியையும் அடைத்துவிடும். சனி விடியலில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடும். அவர் அசந்துபோனார். எனக்கு ஒரு பிரியாணி வாங்கிக் கொடுத்தார். பிரியாணி செரித்ததோடு நானும் அதை மறந்துவிட்டேன். நம் அலுவலகக் குறிப்பேட்டில் ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை.

எங்கள் வீட்டில் ராகு காலம் பார்ப்பதில்லை. எங்கள் பங்குக் கோயிலில் பாதிப் பேர் பார்ப்பார்கள், பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் மட்டும் சொல்ல மாட்டார்கள். நான் பார்க்காததால் வெள்ளிக்கிழமை என்றால் எனக்கு மீன் குழம்பைத் தாண்டி வேறு எதுவும் தோன்றாது. ஆனால் அந்தக் கூடத்துக்கு வரும் ஒவ்வொருவருக்கும் வெள்ளிக்கிழமை மணி வேறு என்று தெரியும். லோடு ஏற்றுகிறவருக்குத் தெரியும், மோர் விற்கிறவருக்குத் தெரியும். போட்டவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

திரும்பித் திரையைப் பார்த்தேன். சிவப்பு வரியை முதல் தடவையாக, மடிந்துபோன இரண்டாம் வரியோடு சேர்த்துப் படித்தேன். இந்தப் பட்டியல் இன்னும் ஒரு மணி பத்து நிமிடத்துக்குச் செல்லாது என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு செல்லும். அவ்வளவுதான். பட்டியலில் சென்னைத் தம்பி ஏற்றிய நேரம் இருக்கிறது. கூடத்துக் கம்ப்யூட்டரின் கணக்கில் அந்த நேரம் இன்னும் பிறக்கவே இல்லை. நாளைத் தேதி போட்ட கடிதத்தை இன்றைக்கு யாராவது நீட்டினால் நீங்கள் வாங்குவீர்களா? அதுவும் வாங்கவில்லை. நியாயமாகத்தான் நடந்துகொண்டது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. முதல் பட்டியல் பதினொன்று இருபதுக்கு வந்தது. நான் ஒன்றுமே செய்யாமல் வெளியே போய் நிழலில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தால், பன்னிரண்டரை வாக்கில் கூடத்துக் கடிகாரமே பதினொன்று இருபதைத் தொட்டிருக்கும், பட்டியல் தானாகச் செல்லுபடியாகியிருக்கும். நான் ஒவ்வொரு தடவையும் அந்தத் தம்பியை விரட்டி விரட்டிப் புதுப் பட்டியல் போடவைத்தேன். ஒவ்வொரு புதுப் பட்டியலிலும் புது நேரம். அடுத்த ஊருக்கு நடந்துபோகிறவனைப் பார்த்து அந்த ஊரையே தூக்கித் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டு மணி நேரமாக அங்கே இருந்த ஒரே கோளாறு என் சுறுசுறுப்பு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பு இல்லை. வெறும் வயிறு வேறு, நிறுத்தவே முடியவில்லை. மேஜையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினேன். கண்காணிப்பாளர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். போனில், "மேடம்? அழுவுறீங்களா மேடம்? நான் வேணா இன்னொரு தடவ போட்டுடட்டுமா மேடம்?" என்று ஒரு குரல். "ஐயோ வேணாம்ப்பா, எதையும் தொடாத!" என்று அலறினேன்.

கடிகாரத்தைச் சரியாக வைத்தேன். பட்டியலைக் கேட்டேன், வந்தது. நிரலைக் கேட்டேன், வந்தது. திரையின் மூலையில் பச்சையாக, கிளிக்குஞ்சு மாதிரி, அந்தப் பொத்தான் வந்து நின்றது. வெளியே இடி இடித்தது.

கண்காணிப்பாளர் ஒரு கையில் மைக்கை எடுத்தார். "சென்னை சர்வர் சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டுத் தொறந்துடறேம்மா" என்றார். நல்ல மனுஷர், என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். அந்த நொடியில் எனக்கு ரொம்ப ஆசையாக இருந்தது, ஒளிக்க மாட்டேன். தலையாட்டினால் போதும், யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் காலையிலிருந்து அந்தத் தம்பி வாங்கிய வசவு, அதில் என்னுடையது பாதி, களத்துடையது பாதி. எல்லாம் என் பேரில் எழுத வேண்டியது. அதோடு எனக்கு வேறொரு காரியமும் ஆக வேண்டியிருந்தது. பொய் சொல்லிவிட்டு அந்தக் காரியத்தைக் கேட்க வாய் வராது. மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

"எல்லாருக்கும் வணக்கங்க. நான் கம்ப்யூட்டர் ஸ்டெல்லா. சென்னைல ஒரு கோளாறும் இல்லீங்க. வெள்ளிக்கெழம மணியப் பின்னால தள்ளிவச்சது நான். வச்சத மறந்ததும் நான். அதனாலதான் இத்தன நேரம். என்னத் திட்டுறதா இருந்தா அப்புறமாத் திட்டுங்க, நான் இங்கதான் இருப்பேன். மழ வருது. வெளிக்களத்து லாட்டெல்லாம் மொதல்ல எட போட்டு உள்ள எடுத்துடுங்க. கையெடுத்துக் கேட்டுக்கறேன்."

வியாபாரிகள் பக்கத்திலிருந்து, "அக்கா, இப்ப எந்த மணிலக்கா தொறக்கப் போறீங்க? அதயாவது சொல்லுங்க!" என்று ஒருவர் கத்தினார்.

"ஒண்ணு முப்பத்தஞ்சு. ஊர் மணி!"

"ராகுவும் இல்ல, எமகண்டமும் இல்ல. அமுக்கச் சொல்லுக்கா!"

ஒரே சிரிப்பு. கண்காணிப்பாளர் பொத்தானை அமுக்கினார். பலகையில் விலைகள் ஓட ஆரம்பித்தன. எடை போடுவது லாட் நம்பர் வரிசைப்படிதான் என்பது கூடத்தின் விதி. அறுபத்தொன்றுக்கு முன்னால் அறுபது லாட் இருந்தது. அவர் விதிப் புத்தகத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், புத்தகத்தை டிராயருக்குள் போட்டு மூடினார். "வெளிக்களம் மொதல்ல!" என்று மைக் இல்லாமலே கத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் குதிக்கத் தோன்றுகிறது. லோடு ஆட்கள், வியாபாரிகள், கொட்டகைக்குள் பத்திரமாக மூட்டை வைத்திருந்த மற்ற விவசாயிகள், எல்லாரும் வெளிக்களத்தில். கொட்டகைக்குள் இருந்த மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி இடம் பண்ணினார்கள். தராசு திணறியது. கண்காணிப்பாளரின் வெள்ளைச் சட்டையில் செம்மண்ணும் சாக்குத் தூசியும் அப்பிவிட்டன, அவர் கவனிக்கவே இல்லை. என் முதுகு மூட்டைக்கு ஆகாது. நான் எங்கிருந்தோ வந்த ஒரு ஃபிளெக்ஸ் பேனரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, காத்திருந்த மூட்டைகளுக்குமேல் குடை மாதிரி நின்றேன். மறுமுனையில் மோர்க்காரர். பேனரில் யாரோ ஒருவருடைய காதணி விழா அழைப்பு. அஞ்சலை மூட்டையோடு மூட்டையாக ஓடினார், எண்ணிக்கொண்டே ஓடினார். இருபத்திரண்டாவது மூட்டை கொட்டகைக்குள் விழுந்தபோது முதல் தூறல் என் நெற்றியில் விழுந்தது. இரண்டு நிமிடத்தில் களம் முழுக்கத் தண்ணீர்.

நனைந்த சேலையோடு கொட்டகைத் தூணில் சாய்ந்துகொண்டு சென்னைக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தம்பி நான்கு "பரவால்ல மேடம்" சொன்னார். கடிகார விஷயம் முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "மேடம், வெள்ளிக்கெழமைக்கு மட்டும் தொறக்குற நேரத்த பன்னெண்டேகாலுன்னு மாத்தணும், அவ்ளோதானே? செட்டிங்ஸ்ல ஒரு வரி மேடம்" என்றார். சொல்லிக்கொண்டே மாற்றிவிட்டார். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கு மேடம், இன்னா போடட்டும்?" என்றார். ராகு காலம்தான் என்றேன். "அதையே போட்டுட்டேன் மேடம். எங்க பாஸ் சர்வர ரீஸ்டார்ட் பண்றதே நல்ல நேரம் பாத்துத்தான்" என்றார். ஆறு வருடக் கூச்சம் ஒரு நிமிடத்தில் தீர்ந்தது. யாராவது உங்களிடம் வந்து இதைச் செய்ய முடியுமா என்று கேட்டால், முடியும் என்று சொல்வதற்கு முன்னால் எதற்கு என்று கேளுங்கள். கேட்டு முடித்த பிறகும் செய்வது என்று முடிவானால் எழுதிவையுங்கள். எழுதிவைக்காத உதவி உங்களைத் தேடிக்கொண்டு திரும்பி வரும்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அஞ்சலை நின்றிருந்தார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றியிருந்தார்.

"நீதானா அது? மணியத் தள்ளிவச்சவ?"

"நான்தான்க்கா."

"சென்னைல இருக்கற எவனோ ஒரு புள்ளைய நான் காலைலேர்ந்து நாசமாப் போவன்னு சொல்லிக்கினு இருந்தேன். அந்தப் பாவமும் எனக்கு வந்துச்சு. வா, இப்பிடிக் குந்து."

அவருடைய மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்தேன். எதிரே அவர் உட்கார்ந்துகொண்டு என்னைத் திட்ட ஆரம்பித்தார். முறையாக, ஆரம்பத்திலிருந்து. பத்து நிமிஷம் என்று சொன்னதற்கு ஒரு பாட்டம், தார்ப்பாய் இல்லாததற்கு ஒரு பாட்டம், படித்தவர்களுக்கு மொத்தமாக ஒரு பாட்டம். நடுவில் ஒரு மூட்டையின் வாயைப் பிரித்து ஒரு பிடி மல்லாட்டையை எடுத்தார். திட்டிக்கொண்டே உரித்தார், உரித்துக்கொண்டே என் கையில் வைத்தார். நான் ஒருசந்தி என்று சொல்ல வாயெடுத்தேன். இரண்டு மணி நேரம் காவல் காத்த மூட்டையிலிருந்து எடுத்துத்தான் அவர் எனக்கு உரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சேசுவே மன்னியும் என்று மனசுக்குள் சொல்லிவிட்டு அத்தனையையும் வாயில் போட்டுக்கொண்டேன்.

கொட்டகைத் தகரத்தின்மேல் மழை கொட்டிய சத்தத்தில் அவர் திட்டுவது பாதி காதில் விழவில்லை. திடீரென்று நிறுத்தினார். என் கையில் இன்னொரு பிடி வைத்து விரல்களை மூடிவிட்டார்.

"அழுவாத. மென்னு துன்னு" என்றார். "நனையாத மல்லாட்டைம்மா."